மெயின் ஜெட்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி,
ஷட்டர் பாதி இறங்கிய நேரம்.
ஹைருல் கிக்கரை உதைத்துவிட்டு
ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக்
கண்ணை மூடிக்கொள்கிறான்.
கால் சுற்று வெளியே. அதில் பாதி உள்ளே.
"டெங்ஙார் தாக்?"
கேட்கிறதா என்கிறான்.
தலையாட்டுகிறேன்.
பொய்.

எனக்குக் கேட்பது
அரிசி மூட்டையை மாடிப்படியில் இழுப்பது போன்ற
ஒரு தடதடப்பு மட்டும்.
அதற்கு மேலே இருந்ததையெல்லாம்
துவாஸ் யார்டில், பத்தொன்பது வருடத்தில்,
கிரைண்டர் தின்றுவிட்டது.
கூண்டுக்குள் உட்காரவைத்து
சத்தம் வந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள்.
வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.
தாளில் கோடு, நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில்,
படி தவறியவனைப் போல் விழுந்து கிடந்தது.

நூற்றைம்பது சிசியை நூற்று எழுபத்தேழாக்கினோம்.
இருபது எம்எம் கார்ப்பரேட்டர் போய் இருபத்துநாலு வந்தது.
(இன்ஸ்பெக்‌ஷனில் இதை விரிவாகப் பேசுவதில்லை.)
பெரிய வயிறு, பழைய சோற்றளவு.
போன மாதம் சாங்கி கோஸ்ட் ரோட்டில்
பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்தது.
பின்சக்கரம் தார்ச்சாலையில் கறுப்பாய்க் கையெழுத்துப் போட
கிளட்ச்சை அமுக்கினேன்,
அதை மட்டும் கை தானே செய்தது.

தமயந்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி,
முதலில் கேட்டது இதுதான்:
"சில்லறை குலுங்கிட்டே வந்துச்சே,
ரெண்டு நிமிஷமா.
நீங்க கவனிக்கலையா?"

சில்லறை.
பெட்ரோல் போதாத எஞ்சின்
சாவதற்கு முன் போடும் சின்னக் கூச்சல்.
எனக்கு அது
கூண்டுக்குள் வராமல் போன சத்தங்களில் ஒன்று.

அவள் பஸ் ஓட்டுபவள்.
மழையிலும் சைக்கிள் மணியைப் பிரித்தறியும் காது.
இன்று அவளையே பின்னால் ஏற்றிக்கொண்டேன்.
ஒப்பந்தம் எளிது:
சில்லறை கேட்டால் இடது தோளில் கிள்ளு.

ஹைருல் காதால் தேர்ந்தது நூற்றுப் பதினெட்டு.
ஆளில்லாத நேர்ச்சாலை, மூன்றாவது கியர்,
முழுக்கத் திருகியதும்
கிள்ளினாள். நகம் பதிய.

விளக்குக் கம்பத்தடியில் வண்டியை நிறுத்தி
ஏர் ஃபில்டரைக் கழற்றினேன்.
பித்தளைத் துண்டு, கடலைப் பருப்பளவு.
நூற்றுப் பதினெட்டின் துளைக்கும்
நூற்று இருபத்திரண்டின் துளைக்கும் நடுவே
ஒரு தலைமுடியின் பாதி.
டார்ச் பிடித்தபடி கேட்டாள்,
"இவ்வளவுக்கா அன்னிக்கு விழப் பார்த்தோம்?"

மறுபடி. மூன்றாவது. நான்காவது.
தோள் காத்திருந்தது.
பொத்தானில் விரல் வைத்துக் காத்திருந்தது போலவே,
ஆனால் இப்போது
ஒன்றும் வராமலிருக்க வேண்டி.
வரவில்லை.
சந்தேகத்தில் இன்னொரு முறை போனேன்.
வரவில்லை.

எஞ்சினை அணைத்து, உருண்டு நின்று,
பிளக்கைக் கழற்றினேன். துணியோடு சுட்டது.
சுண்ணாம்பு வெள்ளையில்லை, மசிக்கறுப்பில்லை,
பாலூற்றிய காப்பி நிறம்.
இது எனக்குத் தெரிந்த மொழி.
இதை யாரும் எனக்குக் கேட்டுச் சொல்ல வேண்டாம்.

தலைக்கு மேல் விமானமொன்று தாழ்ந்து போனது.
தமயந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.
நான் அதை விலா எலும்பில் வாங்கிக்கொண்டேன்.

பிளக்கை மாட்டி மீண்டும் உதைத்து,
வண்டி சும்மா நிற்கையில் கேட்டேன்:
"இப்ப எப்படியிருக்கு, சத்தம்?"
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
நல்ல உவமை வரும் என்று நின்றேன்.
"சத்தமாத்தான் இருக்கு" என்றாள்.
"பிடோக்ல கடை மூடிடுவான். எடுங்க."